சாலையை வெட்ட அனுமதி இருக்கிறது. பள்ளத்தில் ஆள் இறங்க யார் அனுமதி தந்தது? நகராட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சிப் பொறியாளர்களுக்கும், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் என்று நீங்கள் விடும் ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில் பாதுகாப்பு விதிகள் என்று ஒரு பகுதி வரும். பெரும்பாலும் மத்தியப் பொதுப்பணித் துறையின் பழைய விதிகள்தான் அவை. நாடு முழுக்க அரசு ஒப்பந்தங்களில் கிட்டத்தட்ட அதே வரிகளைப் பார்க்கலாம். பள்ளம் 1.2 மீட்டரைத் தொட்டால் ஒவ்வொரு 30 மீட்டர் நீளத்துக்கும் ஓர் ஏணி இருக்க வேண்டும், அந்த ஏணி தரைக்கு மேலே 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆழம் 1.5 மீட்டரைத் தொட்டால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகையும் கட்டையும் கொடுத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அந்தத் தூரத்துக்குள் போடக் கூடாது. மேலிருந்து கீழாகத்தான் வெட்ட வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் அடியில் குடையக் கூடாது.

இந்த விதிகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தெளிவாக இருக்கின்றன, அளவு சொல்கின்றன, ஒரு மேஸ்திரிக்குக்கூட ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆனால் இவற்றில் ஒன்றுகூட நடக்காத பள்ளத்தை உங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் இன்று பார்க்க முடியும். அதனால்தான் இந்த மடல்.

நான் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் தளப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது இங்கே சின்னதும் பெரியதுமான கட்டுமான வேலைகளில் அதே பணியைச் செய்கிறேன். உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம்தான். 1.5 மீட்டரைத் தாண்டிய எந்தப் பள்ளத்திலும், அன்று காலை அதை நேரில் பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது. அந்தப் பள்ளத்தைத் தாங்கும் செலவு, ஒப்பந்தத்தில் தனி ஐட்டமாக, அளந்து பணம் கொடுக்கும் ஐட்டமாக இருக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் இரண்டுமே வீணாகிவிடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒரு சாதாரணத் தெருப் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு அடித் தெரு. காலையில் ஜேசிபி வந்து இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரே மூச்சில் வெட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதற்கு மணி வாடகை ஓடுகிறது, அது நிற்காது. அள்ளிய மண் முழுக்க ஒரு பக்க விளிம்பிலேயே குவிந்து கிடக்கும், ஏனென்றால் வேறு இடம் இல்லை. மறுபக்கம் வீட்டுக்காரரின் காம்பவுண்டுச் சுவர். பள்ளத்துக்குள் இரண்டு பேர். ஒருவர் குழாயின் வாயைத் துணியால் துடைத்து ரப்பர் வளையத்தைப் பொருத்துகிறார், மற்றவர் கம்பி போட்டு நெம்பித் தள்ளுகிறார். இந்த வேலையை நின்றுகொண்டு செய்ய முடியாது, குத்தவைத்துத்தான் செய்தாக வேண்டும். அப்போது அவர் தலை பள்ளத்தின் அடியிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும். பள்ளம் நாலடிதான், இடுப்பளவுதான் என்று மேலே நிற்பவருக்குத் தோன்றும். உள்ளே குத்தவைத்திருப்பவருக்கு அது தலைக்கு மேல் போகும் ஆழம். குழாய் பதிக்கும் பள்ளத்துக்கு 1.5 மீட்டர் என்ற வரம்பே தாராளமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

மண்ணின் எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாணை எழுதும் இடத்தில் இருப்பவர்கள் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், ஈரமாக இருந்தால் இரண்டு டன்னை நெருங்கும். கிட்டத்தட்ட ஒரு காரின் எடை. பக்கச் சுவரிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழ ஒரு நொடிகூட ஆகாது. முகம் மூடாமல் மார்பு வரை மட்டும் புதைந்தாலே ஆள் பிழைப்பது கஷ்டம். ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் மார்பு கொஞ்சம் சுருங்கும், அந்த இடைவெளியில் மண் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அடுத்த மூச்சை இழுக்க இடம் இருக்காது. மேலே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விடுவார்.

இந்த ஆபத்து முன்கூட்டியே தெரியும். கெட்டி மண் சார், நிற்கும் சார் என்று மேஸ்திரி சொல்வார். காலையில் வெட்டும்போது நிற்கவும் செய்யும். கரிசல் மண்ணில் ஆறடிக்குச் செங்குத்தாக, கத்தியால் வெட்டியதுபோல நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மதிய வெயிலில் காய்ந்து விளிம்புக்கு ஓரடி தள்ளி நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பு விழுந்துவிட்டால், அதற்கு முன்னால் இருக்கும் மண் முழுவதும் இறங்கக் காத்திருக்கிறது என்று பொருள். பக்கத்தில் பழைய குடிநீர்க் குழாய் கசிந்தால் அடிமண் சேறாகிக் கரையும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நகரத் தெருவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அங்கே தொடாத மண் என்று எதுவும் கிடையாது. தண்ணீர்க் குழாய், மின் கேபிள், தொலைபேசி, இப்போது இணைய கேபிள் என்று ஆளாளுக்குத் தோண்டி மூடிய மண் அது. நிரப்பிய மண் தானாக நிற்காது. எனவே ஊருக்குள் வெட்டும் எந்தப் பள்ளத்தையும் மோசமான மண் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மண்ணைக் கையால் சோதிப்பது பெரிய வித்தையும் இல்லை. ஜேசிபி வாளியில் வந்த ஒரு கட்டியை எடுத்துக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் லேசாக மட்டும் பதிந்தால் ஓரளவு கெட்டி மண், சுலபமாக நகம் முழுக்க உள்ளே போனால் இளகிய மண். கையில் உதிர்ந்து கொட்டினால் கேட்கவே வேண்டாம். எடுத்த உடனே செய்ய வேண்டும், மேலே கிடந்து காய்ந்த கட்டியில் செய்து பயனில்லை. இதை யாரோ ஒருவர் தினமும் செய்ய வேண்டும், மழை பெய்தால் மறுபடியும் செய்ய வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதுதான் இன்று எந்தத் தளத்திலும் பதில் இல்லாத கேள்வி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னை வேளச்சேரியில் ஒரு கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழமான பள்ளத்தின் கரை சரிந்தது. பக்கத்தில் இருந்த கன்டெய்னர் அறை உள்ளே இறங்கியது, இரண்டு பேர் மாண்டார்கள். தேங்கிய தண்ணீரை இறைத்து உடல்களை எடுக்க நாள்கணக்கானது. 2024 பிப்ரவரியில் ஊட்டி அருகே லவ்டேலில் தடுப்புச் சுவருக்காகக் கீழே மண் வெட்டிக்கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கட்டடம் பெயர்ந்து விழுந்து ஆறு பெண்கள் இறந்தார்கள். ஒன்று நகரம், ஒன்று மலை. ஒன்று மழை, மற்றது அடியை வெட்டியதால் பிடிமானம் போன பழைய சுவர். இரண்டிலும் எதிர்பாராத அதிசயம் ஏதுமில்லை. பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதும், கனமழை எச்சரிக்கை இருக்கிறதா என்பதும் அனுமதிச் சீட்டில் இருந்தே தீர வேண்டிய கேள்விகள்.

2022-ல் மதுரை விளாங்குடியில் நடந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். குழாய்ப் பள்ளத்தில் மண் சரிந்து புதைந்த தொழிலாளியை ஜேசிபி வைத்துத் தோண்டி எடுக்கப் போய் அவருடைய தலை துண்டானது. அதை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு விதியைத் தனியாக எழுத வேண்டும்: ஆள் புதைந்த பள்ளத்துக்குள் இயந்திர வாளி இறங்கக் கூடாது. முதலில் மிச்சமிருக்கும் கரையைத் தாங்க வேண்டும், பிறகு கையாலும் சின்ன மண்வெட்டியாலும்தான் எடுக்க வேண்டும். காப்பாற்றக் குதிக்கும் ஆள் மேல் இரண்டாவது சரிவு விழுவது இந்தத் தொழிலில் சகஜம். இதெல்லாம் தீயணைப்பு வீரர்களுக்குத் தெரியும். அவர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் பதறிப்போய் நிற்கும் ஜேசிபி ஓட்டுநருக்கும் தெருக்காரர்களுக்கும் தெரியாது. பள்ளம் தோண்டும் ஒவ்வொரு தளத்திலும் தாங்கு கட்டை கையெட்டும் தூரத்தில் இருந்தால், மீட்பவர்களுக்கும் அதுதான் முதல் உதவி.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், வேலை தொடங்க 30 நாளுக்கு முன்பே ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொன்னது. அதன் கீழ் மத்திய விதிகள் 1998-லும் தமிழ்நாட்டு விதிகள் 2006-லும் வந்தன. அந்தச் சட்டம் இப்போது 2020-இன் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. மண் தோண்டும் வேலைக்கென்றே ஐஎஸ் 3764 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. ஆக, காகிதத்தில் பஞ்சமில்லை. ஆனால் 30 நாளுக்கு முன்னால் கொடுக்கும் அறிவிப்பு ஒரு திட்டம் முழுமைக்குமானது. பள்ளமோ தினமும் மாறுவது. நேற்று செம்மண், இன்று அதே தெருக்கோடியில் பழைய குளத்தை மூடிய மண். திங்கள்கிழமை 1.4 மீட்டர், புதன்கிழமை மேன்ஹோல் வரும் இடத்தில் 3 மீட்டர். ஒரு மாதத்துக்கு முன் கொடுத்த கடிதத்தால் இதைப் பிடிக்க முடியாது. அன்றன்று பார்க்கும் ஒரு கண் வேண்டும், வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரம் அந்தக் கண்ணுக்கு இருக்க வேண்டும்.

நீங்கள் அன்றன்று பார்த்து நிறுத்தத் தெரியாதவர்கள் இல்லை. சாலை வெட்ட அனுமதி வாங்காமல் ஒரு கேபிள் நிறுவனம் பத்தடி தோண்டட்டும், அரை மணி நேரத்தில் உங்கள் ஆட்கள் வந்து நிற்பார்கள். சாலையைச் சீரமைக்க எத்தனை சதுர மீட்டர், அதற்கு எவ்வளவு கட்டணம் என்று அளந்து வாங்குகிறீர்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சென்னையில் சாலை வெட்டுக்கே தடை போடுகிறார்கள். சாலையைக் காப்பாற்ற இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. அதே அனுமதிப் படிவத்தில், வெட்டிய பள்ளத்துக்குள் இறங்குகிறவரின் பக்கம் என்ன கட்டை நிற்கும் என்று ஒரு கேள்வி இருந்தால் போதும். ஏற்பாடு புதிதாக வேண்டியதில்லை, இருக்கிற ஏற்பாட்டில் ஒரு மனிதரையும் சேருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சிங்கப்பூரில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அங்கே பள்ளங்களில் இறங்குகிறவர்களில் ஏராளமானோர் நம் ஊர்க்காரர்கள், புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்கள். 2007-இன் கட்டுமானப் பாதுகாப்பு விதிகள்படி 1.5 மீட்டரைத் தாண்டிய பள்ளத்துக்குள் வேலை என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடங்க முடியாது. 4 மீட்டரைத் தாண்டினால் தாங்கும் அமைப்பையே பதிவுபெற்ற பொறியாளர் வடிவமைக்க வேண்டும். காலையில் மேற்பார்வையாளர் சீட்டை நிரப்பி விண்ணப்பிப்பார். பாதுகாப்பு அலுவலர் பள்ளத்தருகே போய்ப் பார்ப்பார். அதன் பிறகு திட்ட மேலாளர் கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தடுப்புக் கம்பியில் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிடுவோம். எந்தத் தொழிலாளியும் படிக்கலாம், தேதி பழையதாக இருந்தால் கேட்கலாம். மழை பெய்தால் எல்லோரும் மேலே வந்துவிடுவார்கள், மறுபடி பார்க்காமல் கீழே இறங்கமாட்டார்கள்.

அந்த நாடும் இதைச் சும்மா இருந்து கற்றுக்கொள்ளவில்லை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய 30 மீட்டருக்கும் மேலான பள்ளத்தின் தாங்கு அமைப்பு முறிந்து நான்கு பேர் இறந்தார்கள். தன் ஆட்களை மேலே ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் சிக்கிக்கொண்ட ஒரு ஃபோர்மேனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. விசாரணை நடந்தது. 2006-ல் புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆபத்தை உண்டாக்குகிறவரே அதற்குப் பொறுப்பு என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. நம் ஊரில் பள்ளம் சரிந்தால் முதலில் போலீஸ் கைக்குச் சிக்குவது மேற்பார்வையாளரும் ஜேசிபி ஓட்டுநரும்தான். மண்ணை எங்கே கொட்டுவது, எவ்வளவு நீளம் வெட்டுவது, கட்டைக்குப் பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்கள் அந்த முதல் தகவல் அறிக்கைக்கு வெகுதூரத்தில் இருப்பார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஐந்தடி அல்லது அதற்கு மேல் ஆழமான, ஆள் இறங்க வேண்டிய பள்ளம் வெட்ட அரசின் தொழிற்பாதுகாப்புத் துறையிடமே அனுமதி வாங்க வேண்டும். அந்த நாடு முழுக்க 2022-ல் பள்ளச் சரிவு, குழாய்ப் பள்ள விபத்துகளில் 39 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் நடுவில் பள்ளங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் முன்னறிவிப்பின்றிச் சோதிப்போம் என்று அமெரிக்க மத்திய அரசின் தொழிற்பாதுகாப்புத் துறை அறிவித்துக் களத்தில் இறங்கியது. 2023-ல் எண்ணிக்கை 15. சோதனை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்டன் நகரில் 2016-ல் பள்ளத்துக்குள் குழாய் உடைந்து தண்ணீர் நிரம்பி இரண்டு தொழிலாளர்கள் மூழ்கி இறந்த பிறகு, தெரு வெட்ட அனுமதி கேட்கும் ஒப்பந்ததாரர் தன் பழைய பாதுகாப்பு மீறல்களையும் சொல்ல வேண்டும் என்று நகரசபை விதி செய்தது. இது நம் மாநகராட்சிகள் நாளைக்கே செய்யக்கூடியது. ஒப்பந்தப்புள்ளியில் முன் அனுபவச் சான்று கேட்கிறீர்கள், வங்கி உத்தரவாதம் கேட்கிறீர்கள். கடந்த ஐந்தாண்டில் உன் பள்ளத்தில் யாராவது இறந்தார்களா என்று ஒரு வரி கேட்கலாமே.

இப்போது பணத்துக்கு வருகிறேன். விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நான் கையில் வாங்கிப் பார்த்த பல மதிப்பீடுகளில், மண் தோண்டும் ஐட்டத்துக்குள்ளேயே ஷோரிங் (பக்கங்களைக் கட்டை கொடுத்துத் தாங்குவது), தண்ணீர் இறைத்தல் எல்லாம் உட்பட என்று ஒரு சொற்றொடரில் முடித்துவிடுகிறார்கள். அதாவது ஒரு கன மீட்டருக்கு ஒரு விலை, அதற்குள் கட்டையும் அடக்கம். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கட்டை அடித்தாலும் அதே பணம், அடிக்காவிட்டாலும் அதே பணம். அடிக்கிற ஒப்பந்ததாரர் அடிக்காதவரைவிட நட்டப்படுவார், அடுத்த டெண்டரில் அவர் விலை அதிகமாக இருக்கும், நீங்கள் குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுப்பீர்கள். மேல் ஒப்பந்ததாரர் சப் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும்போது ரன்னிங் மீட்டருக்கு, அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு, இவ்வளவு என்று பேசிவிடுவார். அங்கே கட்டை என்ற பேச்சே எழாது. ஒழுங்காகச் செய்கிறவரைத் தொழிலை விட்டு விரட்டும் ஏற்பாடு இது, யாரும் வேண்டுமென்று செய்யாமலே நடக்கிறது.

தனி ஐட்டமாக்குங்கள். தாங்கிய பக்கச் சுவர் எத்தனை சதுர மீட்டர் என்று அளந்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றி, செய்ததற்கு மட்டும் பணம் கொடுங்கள். கட்டை நின்ற பள்ளத்தின் தேதியிட்ட புகைப்படம் இல்லாவிட்டால் அந்த நீளத்துக்குக் குழாய் பதித்த பில்லும் நிற்கும் என்று எழுதுங்கள். ஒரே வாரத்தில் தளத்துக்குச் சவுக்குக் கட்டை வந்து இறங்கும். பணம் வருகிற வேலையை எந்த ஒப்பந்ததாரரும் மறக்கமாட்டார்.

சரிவாக வெட்டினால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். வெளியூர் வயற்காட்டில் போதும். ஊருக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியில் ஒரு மீட்டர் அகலம், ஆழம் 3 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று சரிவு (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் பக்கவாட்டில்) என்றால் மேலே 7 மீட்டர் அகலம் வேண்டும். தெருவே நாலு மீட்டர்தான். இரண்டு பக்கமும் வீட்டு வாசல்படி இருக்கிறது. எனவே நம் தெருக்களுக்குச் சரிவு என்பது ஏட்டளவில்தான். தாங்குவது ஒன்றே வழி. ஆழம் குறைந்த இடத்தில் பலகையும் சவுக்குக் கட்டையுமே போதும், அவற்றை அடிக்கத் தெரிந்த பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆழமான இடத்துக்கு இரண்டு இரும்புச் சுவரும் நடுவில் குறுக்குத் தண்டும் உள்ள டிரெஞ்ச் பாக்ஸ் நல்லது. ஜேசிபியோ ஹிட்டாச்சியோ அதைத் தூக்கிப் பள்ளத்தில் இறக்கும், ஆட்கள் அதற்குள் நின்று வேலை பார்ப்பார்கள், வேலை நகர நகரப் பெட்டியும் நகரும். சின்ன ஒப்பந்ததாரர் ஒருவர் தனியாக வாங்குவது சிரமம். மாநகராட்சி சொந்தமாகச் சில பெட்டிகளை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடலாம். கழிவுநீர் உறிஞ்சும் வண்டிகளை வாங்கிப் பராமரிக்கும் அமைப்புகளுக்கு இது பெரிய காரியமில்லை.

பெட்டி எவ்வளவு நீளமோ, கட்டை எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு நீளம்தான் ஒரு நாளில் வெட்ட வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதிவிடலாம். ஜேசிபி இருபது மீட்டர் வெட்டிவிட்டுப் போய்விடுவதும், குழாய் வராமல் பள்ளம் இரண்டு இரவு வாய் பிளந்து கிடப்பதும் அப்போது நிற்கும். இரவில் சைக்கிளில் வருகிறவரும், விளையாடப் போன பிள்ளையும் அதில் விழுவதும் நிற்கும்.

இன்னொரு காகிதமா, வேலை தாமதமாகுமே என்ற பேச்சு வரும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டு வெறும் காகிதமாகிவிடும் ஆபத்து நிஜமானது. வெளிநாட்டிலேயே ஒரு தளத்தில், ஒரு வாரத்துக்கான சீட்டுகளை மொத்தமாக மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். பள்ளத்தருகே போகாமல் போட்ட கையெழுத்து இல்லாத கையெழுத்தைவிட மோசமானது, ஏனென்றால் தொழிலாளி அதை நம்பி இறங்குகிறான். அதனால்தான் சீட்டு எளிமையாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒரே பக்கம். இடம், தேதி, ஆழம், மண் எப்படி, பக்கத்தில் சுவரோ கம்பமோ பழைய குழாயோ உண்டா, தண்ணீர் ஊறுகிறதா, கட்டை நிற்கிறதா, ஏணி எங்கே, மண்குவியல் எவ்வளவு தூரம், எட்டு டன் எடையுள்ள ஜேசிபி விளிம்பில் நிற்கிறதா, பழைய சாக்கடையோடு இணைக்கும் இடமென்றால் விஷவாயு பார்த்தாயா. அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே பத்து நிமிடத்தில் நிரப்பலாம். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் ஒரு கையெழுத்து, உங்கள் உதவிப் பொறியாளர் ஒரு கையெழுத்து. அன்று மாலையோடு அது செல்லாது. இடையில் மழை வந்தால் அப்போதே செல்லாது.

உதவிப் பொறியாளர்களுக்கு வேலைப்பளு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒருவர் தலையில் மூன்று வார்டு, பத்துத் திட்டம், நடுவில் ஆய்வுக் கூட்டம். எல்லாப் பள்ளத்துக்கும் தினமும் அவரால் போக முடியாது என்றால், அந்த உண்மையை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற ஆளைப் போட வேண்டும். திட்ட மதிப்பீட்டிலேயே பயிற்சி பெற்ற பள்ளப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவரின் சம்பளத்தைச் சேர்க்கலாம். அவர் ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சில வாரப் பயிற்சியில் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

சீட்டு தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் அதிகமாக உள்ள தளத்தில் அவர்கள் பேசும் மொழியில் படித்துக் காட்டுங்கள். இன்று தமிழ்நாட்டுப் பள்ளங்களில் இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்காவது மேஸ்திரி கத்துவது புரியாது. மேலே வா என்ற ஒரு சொல்லைத் தாமதமாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம், கட்டை இல்லாத பள்ளத்தில் இறங்க மறுக்கும் தொழிலாளிக்கு அன்றைய கூலி உண்டு என்றும், அவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். இப்போது அவர் மறுத்தால் கேட்டுக்கு வெளியே இன்னொருவர் நிற்கிறார் என்பது அவருக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும்.

தனியார் வீடுகளின் கழிவுநீர்த் தொட்டி, உறைக் கிணறு, அடித்தளப் பள்ளங்களுக்கும் இது பொருந்தும். கட்டட வரைபட அனுமதி கொடுக்கும்போதே, 1.5 மீட்டருக்கு மேல் தோண்டும் நாளை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் போடலாம். அதை விரிவாக வேறொரு சமயம் எழுதுகிறேன். முதலில் உங்கள் சொந்த ஒப்பந்தங்களில் தொடங்குங்கள். அங்கே பணம் கொடுப்பதும் நீங்கள்தான், பில்லை நிறுத்துவதும் நீங்கள்தான், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்குப் புதிய ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே கையெழுத்தான பத்திரத்திலேயே அந்தப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி செய்யாத வேலையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இன்றே உண்டு. ஒரு சுற்றறிக்கை போதும்: இன்னின்ன தேதியிலிருந்து, அனுமதிச் சீட்டும் கட்டையும் இல்லாத பள்ளத்தில் பதித்த குழாய்க்கு அளவு எடுக்கப்படாது. அடுத்து வரும் டெண்டர்களில் ஷோரிங்கைத் தனி ஐட்டமாகப் பிரித்து விலை கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இரண்டையும் செய்துவிட்டால் நல்லது. அந்த மழையில்தான் மண் அதிகம் இறங்குகிறது.

சீட்டின் மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழிலும் இந்தியிலும் தயாரித்து வைத்திருக்கிறேன். எந்த நகராட்சி கேட்டாலும் தருகிறேன். உங்கள் பொறியாளர்களோடு ஒரு காலைப் பொழுது பள்ளத்தருகே நின்று நிரப்பிக் காட்டவும் தயார், அதற்குச் சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தளப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்